காட்னிஸ் யாரோ நகர்த்தும் காயா? 'கேச்சிங் ஃபயர்' திரையிடப் போகிறவர்களுக்கு

பெங்களூரில் அல்சூர் ஏரிப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து நடத்தும் வாசகர் வட்டம், கிளப் ஹவுஸில் ப்ரொஜெக்டர் வைத்து 'தி ஹங்கர் கேம்ஸ்: கேச்சிங் ஃபயர்' (2013) படத்தைப் போட்டுப் பேச இருக்கிறது. முப்பது பேர் வரக்கூடும், எட்டாவது ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகளும் உண்டு, பாதிப் பேர் முதல் படம் பார்த்ததில்லை. கேட்டிருப்பது இரண்டு. ஒன்று, நாயகி காட்னிஸ் வலிமையானவள் என்று எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் கடைசியில் பார்த்தால் கூட இருந்தவர்களே அவளுக்குத் தெரியாமல் திட்டம் போட்டு அவளை நகர்த்தியிருக்கிறார்கள், அப்புறம் என்ன வலிமை? இரண்டு, ஒத்திகை பார்த்தபோது படத்தின் நடுவில் சட்டகம் தானாகப் பெரிதாகிவிட்டது, ப்ரொஜெக்டரில் கோளாறா?

இரண்டாவதற்குப் பதில் சின்னது: கோளாறில்லை, எடுத்ததே அப்படித்தான். ஆனால் ஏன் அப்படி எடுத்தார்கள் என்று பார்த்தால் முதல் கேள்விக்கும் பாதி விடை வந்துவிடும். அதனால் முதலில் கதை, பிறகு திரை.

முதல் படம் பார்க்காதவர்களுக்கு ஐந்து நிமிட முன்கதை போதும். யாராவது முழுக்கதையையும் சொல்ல ஆரம்பித்தால் அரை மணி நேரம் போய்விடும், தடுத்துவிடுங்கள். பானெம் என்ற நாடு, அதன் தலைநகரம் கேபிடல், அடங்கிக் கிடக்கும் 12 மாவட்டங்கள். பழைய கலகம் ஒன்றுக்குத் தண்டனையாக ஆண்டுதோறும் மாவட்டத்துக்கு ஓர் ஆண், ஒரு பெண் என 12 முதல் 18 வயதுக்குள் 24 பேரைக் குலுக்கலில் எடுத்து, ஒருவர் மிஞ்சும்வரை அடித்துக்கொண்டு சாகவிட்டு நேரலையில் காட்டுவார்கள். வீட்டுக்குக் கூடுதல் ரேஷன் வேண்டுமென்றால் குலுக்கலில் கூடுதல் சீட்டு போட வேண்டும். ஆகவே ஏழை வீட்டுப் பிள்ளைக்கே சீட்டு அதிகம். இந்த ஒரு விவரத்தைப் பிள்ளைகளிடம் கட்டாயம் சொல்லுங்கள், அந்த நாட்டின் நியாயம் முழுவதும் அதற்குள் இருக்கிறது. தங்கை ப்ரிம்மின் பெயர் வந்ததும் காட்னிஸ் தானே முன்வந்து போகிறாள். அரங்கத்தில் ரூ என்ற சிறுமி செத்தபோது உடலைச் சுற்றிப் பூ வைக்கிறாள். கடைசியில் அவளும் அதே மாவட்டத்துப் பீட்டாவும் மட்டும் மிஞ்ச, இருவரும் விஷப் பழத்தை வாய்வரை கொண்டுபோகிறார்கள். வேறு வழியில்லாமல் இருவரையும் வென்றவர்களாக அறிவிக்கிறார்கள். கேபிடல் அதைக் காதல் என்று எடுத்துக்கொண்டது, மாவட்டங்கள் துணிச்சல் என்று எடுத்துக்கொண்டன. இரண்டாம் பாகம் புறப்படுவது இங்கிருந்துதான்.

இரண்டாம் பாகம் எடுப்பவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடம், அதே ஆட்டத்தை இன்னும் பெரிய மைதானத்தில் ஆடுவது. மேலோட்டமாகப் பார்த்தால் இந்தப் படமும் அதைத்தான் செய்கிறது. 75-ஆவது ஆண்டுச் சிறப்பு விதி என்று சொல்லி, ஏற்கெனவே வென்றவர்களிலிருந்தே ஆள் எடுத்து மறுபடி அரங்கத்துக்குள் தள்ளுகிறார்கள். ஆனால் நாயகிக்கு வைத்திருக்கும் கணக்கு வேறு. முதல் படத்தில் அவள் செய்ய வேண்டியது உயிரோடு இருப்பது. இங்கே அவள் செய்ய வேண்டியது நடிப்பது. தொடக்கத்திலேயே அதிபர் ஸ்நோ அவள் வீட்டுக்கே வந்து உட்கார்ந்து, பீட்டாவின் மேல் இருந்தது பித்துப்பிடித்த காதல்தான் என்று நாட்டை நம்பவைக்கச் சொல்கிறார். தவறினால் வேண்டியவர்கள் சாவார்கள். வில்லில் கெட்டிக்காரியான ஒருத்தியிடம் வில்லால் தீர்க்க முடியாத வேலையைக் கொடுத்திருக்கிறார்கள். படத்தின் முதல் பாதி முழுக்க அவள் இந்த வேலையில் தோற்றுக்கொண்டே இருக்கிறாள், அந்தத் தோல்விகளே நாட்டைப் பற்றவைக்கின்றன.

11-ஆவது மாவட்டக் காட்சியை உங்கள் கூட்டத்தில் தனியாக நிறுத்திப் பார்க்கலாம். வெற்றிச் சுற்றுப்பயணத்தில் முதல் ஊர். ரூவின் குடும்பம் எதிரே மேடையில் நிற்கிறது, பின்னால் செத்த பிள்ளையின் பெரிய படம். அவர்களுக்குத் துணையாகக் கேபிடல் அனுப்பிய எஃபி எழுதிக் கொடுத்த அட்டையைப் பார்த்துப் படித்துவிட்டு இறங்க வேண்டியதுதான். முதலில் பீட்டா அட்டையை விட்டு விலகி, தங்கள் பரிசில் ஆண்டுக்கு ஒரு மாதப் பங்கை அந்தக் குடும்பங்களுக்குத் தருவதாகச் சொல்கிறான். அடுத்து காட்னிஸ் ரூவைப் பற்றித் தடுமாறித் தடுமாறிப் பேசுகிறாள். புரட்சி என்ற நினைப்பே அவளுக்கு இல்லை, துக்கம் விசாரிக்கிறாள், அவ்வளவுதான். கூட்டத்தில் ஒரு கிழவர் ரூவின் மெட்டைச் சீட்டியடித்து மூன்று விரலை உயர்த்துகிறார். கூட்டம் முழுக்க விரல் உயர்கிறது. காவலர்கள் அவரை இழுத்து வந்து மண்டியிட வைக்கிறார்கள், காட்னிஸை உள்ளே இழுக்கிறார்கள், கதவு மூடும்போது சுடும் சத்தம். அவள் வாயிலிருந்து வந்த உண்மையான நாலு வார்த்தைக்கு விலை ஓர் உயிர். அதற்கப்புறம் வரும் ஊர்களில் இருவரும் அட்டையைப் பார்த்து ஒப்பிக்கிறார்கள், கூட்டம் முகம் சுளிக்கிறது. மனதிலிருந்து பேசினால் ஆள் சாகிறான், எழுதிக் கொடுத்ததைப் படித்தால் யாரும் நம்பவில்லை. இந்த இடுக்கில் மாட்டியவளை 'வலிமையான பெண் பாத்திரம்' என்ற வழக்கமான சட்டையில் திணிக்க முடியாது.

இதற்குச் சோதனை கேபிடல் விருந்தில் ஒரு நொடியில் வருகிறது. கல்யாண அறிவிப்பு வரை போய்விட்டாள். விருந்தில் மேலிருந்து ஸ்நோ பார்க்கிறார், அவள் கண்ணாலேயே கேட்கிறாள், அவர் தலையை லேசாக இப்படியும் அப்படியும் ஆட்டுகிறார். போதவில்லை என்று அர்த்தம். வசனமே கிடையாது. பின்வரிசையில் பேசிக்கொண்டிருப்பவர்கள் இதைத் தவறவிடுவார்கள், தவறவிட்டால் அதற்குப் பிறகு அவள் ஏன் காட்டுக்குள் ஓடிப்போகலாம் என்று ஊர் நண்பன் கேலிடம் கேட்கிறாள் என்பதே விளங்காது.

இப்போது உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். ஆமாம், அவளுக்குத் தெரியாமல் திட்டம் போடப்பட்டது. ஆட்டத்தை நடத்தும் ப்ளூட்டார்க் ஹெவன்ஸ்பீ, வழிகாட்டி ஹேமிட்ச், கூட ஆடிய ஃபின்னிக், ஜோஹன்னா, பீட்டீ எல்லாரும் உடந்தை. ஆனால் தெரியாமல் இருப்பதும் முடிவெடுக்காமல் இருப்பதும் ஒன்றில்லை. கேலைச் சாட்டையால் அடிக்கும்போது குறுக்கே போய் விழுகிறாள், முகத்தில் அடி வாங்குகிறாள், யாரும் சொல்லவில்லை. ஓடிப்போகும் யோசனையைக் கைவிடுகிறாள். மறுபடி அரங்கம் என்று தெரிந்ததும், இந்தமுறை பீட்டாதான் பிழைக்க வேண்டும் என்று ஹேமிட்சிடம் வாக்கு வாங்குகிறாள். கூட்டாளி தேர்ந்தெடுக்கும்போது தடியர்களை விட்டுவிட்டு, கிழவி மேக்ஸ், உளறுபவள் என்று மற்றவர்கள் ஒதுக்கிய வைரெஸ், கண்ணாடி போட்ட பீட்டீ ஆகியோரைக் கேட்கிறாள். மற்றவர்களுக்குச் சிரிப்பு. ஆனால் அரங்கமே ஒரு கடிகாரம் என்று கண்டுபிடிப்பது அந்த வைரெஸ்தான்.

அப்புறம் அந்தப் பொம்மை. பயிற்சி முடிவில் நடுவர்கள் முன் திறமையைக் காட்டச் சொல்கிறார்கள். போன படத்தில் ஆட்டத்தை நடத்திய செனெக்கா க்ரேனின் பெயரை ஒரு பொம்மையின் மேல் எழுதித் தூக்கில் தொங்கவிடுகிறாள். உயிர் பிழைக்கும் தந்திரமாகப் பார்த்தால் இது மடத்தனம். ஆனால் அவள் குணத்தை இதைவிடத் தெளிவாகக் காட்டும் காட்சி நாலு படத்திலும் இல்லை.

கடைசி அம்புதான் வாதத்தின் மையம். பீட்டீயின் வெளிப்படையான திட்டம், நள்ளிரவில் மின்னல் விழும் மரத்திலிருந்து கடற்கரைக்குக் கம்பி இழுத்து எதிரிகளைச் சாகடிப்பது. கம்பி அறுபடுகிறது, பீட்டீ மயங்கிக் கிடக்கிறார், ஜோஹன்னா காட்னிஸின் கையைக் கீறிவிட்டு ஓடியிருக்கிறாள், பீட்டாவைக் காணோம். எல்லாரும் துரோகம் செய்துவிட்டார்கள் என்று நினைக்க எல்லா நியாயமும் இருக்கிறது. எதிரே ஃபின்னிக் வர, அம்பு அவன் நெஞ்சுக்குக் குறி வைத்தாகிவிட்டது. உண்மையான எதிரி யார் என்பதை மறக்காதே என்று அவன் நினைவூட்டுகிறான். அதை முன்பே ஹேமிட்சும் சொல்லியிருந்தார். அவ்வளவுதான் அவளுக்குக் கிடைத்த தகவல். மீதியை அவளே கூட்டிக்கொள்கிறாள்: அறுந்த கம்பியை அம்பில் சுற்றி, மின்னல் விழும் கணத்தில் மேலே கூரையை அடிக்கிறாள். அந்தக் கூரை ஒரு விசைப்புலம், அதாவது கண்ணுக்குத் தெரியாத ஆற்றல் சுவர், என்பதும், அது எங்கே நெளியும் என்பதும் பயிற்சிக் கூடத்திலேயே வைரெஸும் பீட்டீயும் காட்டியது. பிறகு பீட்டா அதில் மோதி இதயம் நின்றபோது இரண்டாம் முறை வருகிறது. மூன்றாவது முறை அம்பு. திரைக்கதை எழுதுகிறவர்கள் உங்கள் வட்டத்தில் இருந்தால் இந்த மூன்று இடத்தையும் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஒரு பொருளை மூன்று முறை, மூன்று வேலைக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள், முதல் முறை யாருக்கும் அது முக்கியம் என்றே தோன்றாது.

திட்டம் போட்டவர்கள் அரங்கத்தை உடைக்க வேண்டும் என்று நினைத்தார்கள். உடைத்தது திட்டம் தெரியாதவள். அவள் அம்பை ஃபின்னிக்கின் மேல் விட்டிருந்தால் அத்தனை பேரின் சூழ்ச்சியும் குப்பைக்குப் போயிருக்கும். காய் என்று சொல்ல எனக்கு வாய் வராததற்கு இதுதான் காரணம். அதே சமயம் உங்கள் கேள்வி தப்பும் இல்லை. கண்விழித்து உண்மை தெரிந்ததும், பீட்டாவைக் கேபிடல் பிடித்துக்கொண்டது என்று கேட்டதும், அவள் ஹேமிட்சின் மேல் பாய்கிறாள். காப்பாற்றியவர்களும் தன்னைக் கேட்காமல்தான் பயன்படுத்தினார்கள் என்ற கோபம் அது. அடுத்த இரண்டு படங்களும் (2014, 2015) அந்தக் கோபத்தைத்தான் பேசுகின்றன.

சூசன் காலின்ஸின் நாவல் (2009) முழுக்கக் காட்னிஸின் வாய்மொழி. அவளுக்குத் தெரியாதது வாசகருக்கும் தெரியாது. படத்துக்கு எழுதிய சைமன் போஃபாயும் மைக்கேல் ஆர்ண்ட்டும் (இவர் பெயர் திரையில் மைக்கேல் டிப்ரூயின் என்று வரும்) அந்தச் சுவரை உடைத்து, ஸ்நோவும் ப்ளூட்டார்க்கும் தனியாகப் பேசும் காட்சிகளைச் சேர்த்திருக்கிறார்கள். அவள் பிம்பத்தை உடைக்க என்ன செய்யலாம் என்று ப்ளூட்டார்க் யோசனை சொல்லிக்கொண்டே இருப்பார். முதல் தடவை பார்க்கும்போது கொடியவனாகத் தெரிவார். முடிவு தெரிந்து பார்த்தால் அதே யோசனைகள் ஒவ்வொன்றும் மக்களைக் கொதிக்கவைப்பதற்கே என்று தெரியும். பிலிப் சீமோர் ஹாஃப்மன் இரண்டு அர்த்தத்துக்கும் ஒரே முகத்தை வைத்திருக்கிறார், அது பெரிய நடிப்பு. ஸ்நோவின் பேத்தி காட்னிஸ் மாதிரியே சடை பின்னிக்கொண்டு வருவதும் படத்துக்காகச் சேர்த்ததுதான். எல்லாரும் அப்படித்தான் பின்னிக்கொள்கிறார்கள் என்று அவள் சொல்லும்போது தாத்தா முகத்தைப் பாருங்கள்.

படத்தில் பலவீனம் இல்லாமல் இல்லை. கேலுக்கு அடி வாங்குவதைத் தவிர உருப்படியான வேலை கிடையாது. முக்கோணக் காதல் தேவைக்கு மேல் இழுபடுகிறது. குரங்குத் தாக்குதல் பயமுறுத்துகிறதே தவிரக் கதைக்குப் பெரிதாக எதுவும் செய்யவில்லை, அதில் உயிர்விடும் அந்தப் போதைக்கு அடிமையான பெண்ணைத் தவிர.

இனி சட்டகம். முதல் படத்தைக் கையில் பிடித்த கேமராவில் ஆட்டி ஆட்டி எடுத்தார்கள். ரத்தத்தை மறைத்து அமெரிக்காவில் பிஜி-13 சான்றிதழுக்குள் நிற்கவும் அது உதவியது. இரண்டாவதில் இயக்குநர் ஃபிரான்சிஸ் லாரன்ஸ், ஒளிப்பதிவாளர் ஜோ வில்லெம்ஸ் என ஆட்கள் மாறினார்கள். செலவும் கூடியது: முதல் படம் ஏறக்குறைய 80 மில்லியன் டாலர், இது 130 மில்லியனுக்கு மேல். வழக்கமான பகுதிகளை படத்தைப் பக்கவாட்டில் நெருக்கிப் பதியும் 35 மி.மீ. அனமார்ஃபிக் லென்ஸில், அகலம் உயரத்தைப்போல் 2.40 மடங்கு இருக்கும் சினிமாஸ்கோப்பில் எடுத்தார்கள். அரங்கக் காட்சிகளை, கிட்டத்தட்ட 50 நிமிடம், 65 மி.மீ. ஐமாக்ஸ் பிலிம் கேமராவில் எடுத்தார்கள். பிலிம் ஓட்டும் பெரிய ஐமாக்ஸ் திரைகளில் அந்தப் பகுதி 1.43 மடங்கு, ஏறக்குறைய சதுரத்துக்குப் பக்கத்தில் நின்றது. ப்ளூ-ரேயில் அது டிவியின் வடிவமான 16:9-ஐ முழுக்க நிரப்பும்.

ஏன் படம் முழுவதையும் அப்படி எடுக்கவில்லை என்று பிள்ளைகள் கேட்பார்கள். அந்தக் கேமரா நிமிடத்துக்கு 337 அடி பிலிம் தின்னும். ஆயிரம் அடிச் சுருள் மூன்று நிமிடத்தில் தீர்ந்துவிடும். கனம். சத்தமும் அதிகம், பக்கத்தில் நின்று மெதுவாகப் பேசினால் பேச்சைவிட இயந்திரம்தான் பதிவாகும். அப்படி எடுத்த வசனத்தைப் பெரும்பாலும் பிறகு டப்பிங்கில்தான் சரிசெய்வார்கள். வீட்டுக்குள் இருவர் கிசுகிசுக்கும் காட்சிக்கு அது தோதுப்படாது, காடும் கடலும் உள்ள இடத்துக்குத் தோதாக இருக்கும். காட்டுப் பகுதிகளை ஹவாயின் ஓவாஹு தீவில் எடுத்தார்கள். நடுவில் தண்ணீர் சூழ்ந்த ஆயுதக் குவியல் இருக்கிறதே, அது ஜார்ஜியா மாநிலத்தின் ஜோன்ஸ்பரோவில், 1996 ஒலிம்பிக்கில் கடற்கரை வாலிபால் நடந்த பூங்காவின் ஏரி.

மாற்றம் நடக்கும் இடத்தைக் கவனியுங்கள். ஏவுகுழாய்க்குள் காட்னிஸ் நிற்கிறாள், கண்ணாடி மூடுகிறது. கண்ணெதிரே அவளுடைய ஆடை வடிவமைப்பாளர் சின்னாவை அடித்து நொறுக்குகிறார்கள், அவள் கண்ணாடியைக் குத்துகிறாள், தட்டு மேலே ஏறுகிறது. இருட்டு, பிறகு கூசும் வெளிச்சம். அவள் மேலே வர வர சட்டகமும் மேலும் கீழுமாக விரிகிறது. வெட்டித் தாவாமல் விரிவதுதான் விசேஷம். இதுவரை நெருக்கமான அறைகளில், ரயிலில், மேடையில் மற்றவர்கள் எழுதிக் கொடுத்ததை நடித்தவளுக்கு முதன்முறையாகத் திறந்த வெளி கிடைக்கிறது. ஆனால் அந்த வானம் பொய், மேலே கூரை இருக்கிறது. உயரம் கூடிய சட்டகத்தில்தான் நம் கண் மேலே போகும். மேலே போனால்தான் கடைசியில் அவள் ஏன் மேலே பார்த்து அம்பு விடுகிறாள் என்பது உடம்பில் உறைக்கும். உங்கள் இரண்டு கேள்விகளும் ஒட்டும் இடம் இதுதான்.

அதனால் திரையை ஒழுங்காக வைத்தாக வேண்டும். 16:9 திரை மட்டுமே சரி. 120 அங்குலத் திரை என்றால் அகலம் சுமார் 8 அடி 9 அங்குலம், உயரம் 4 அடி 11 அங்குலம். முதல் பாதியில் படம் அதில் 3 அடி 8 அங்குல உயரத்துக்குத்தான் நிற்கும், மேலும் கீழும் கறுப்புப் பட்டை. அரங்கம் வந்ததும் முழு உயரம், அதாவது பரப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடும். யாராவது நல்லெண்ணத்தில் சினிமாஸ்கோப் வடிவத் திரையை வாடகைக்குக் கொண்டுவந்தால், அதே அகலத்தில் மேலும் கீழும் ஏழரை அங்குலம் சுவரில் வழியும். இன்னொரு வகை உதவியும் நடக்கும்: தொடக்கத்தில் கறுப்புப் பட்டையைப் பார்த்துவிட்டு ரிமோட்டை எடுத்து ஜூம் போடுவார்கள். பக்கவாட்டில் படம் வெட்டுப்படும், அரங்கம் வந்ததும் தலையும் காலும் வெளியே போய்விடும். ப்ரொஜெக்டரின் வடிவ அமைப்பை 16:9-இல் வைத்துவிட்டு ரிமோட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

வீசுதூர விகிதம் (திரைக்குள்ள தூரத்தைப் பட அகலத்தால் வகுத்தது) 1.5 உள்ள ப்ரொஜெக்டருக்கு 120 அங்குலப் படம் வர 13 அடி வேண்டும். சாய்வாக விழும் படத்தை நேராக்கும் கீஸ்டோன் திருத்தத்தை நம்பாமல் லென்ஸைத் திரைக்கு நேராக வையுங்கள். திருத்தம் போட்டால் படத்தைச் சுருக்கித்தான் நேராக்கும், கூர்மை போகும். திரையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து நாலு அடியாவது இருக்கட்டும், இல்லையென்றால் சப்டைட்டில் முன்வரிசைத் தலைகளுக்குப் பின்னால் போய்விடும். சப்டைட்டில் கட்டாயம் போடுங்கள். கேபிடல்காரர்களின் உச்சரிப்பும், ஜோஹன்னாவின் வேகமும் பெரியவர்களுக்கே பிடிபடாது. வெளிச்சம் பற்றி ஒன்று: காட்னிஸின் ஊரான 12-ஆவது மாவட்டம் சாம்பல் நிறம், அரங்கத்தின் இரவுகள் மையிருட்டு. 3,000 லூமென் ப்ரொஜெக்டர் இருட்டறையில் போதும், ஜன்னல் வெளிச்சத்தில் போதாது. பெங்களூரில் டிசம்பரில் ஆறு மணிக்கு முன்பே சூரியன் மறையும், ஜூலையில் கிட்டத்தட்ட ஏழாகிவிடும்; தேதியைப் பார்த்து நேரம் வையுங்கள். பட அமைப்பை 'டைனமிக்'கில் விடாமல் 'சினிமா'வில் வையுங்கள், காட்டின் பச்சை அப்போதுதான் பச்சையாக இருக்கும்.

படம் எங்கிருந்து ஓடும் என்பதில் மூன்று சிக்கல் வரும். அமெரிக்காவிலிருந்து யாரோ கொண்டுவந்த ப்ளூ-ரே இங்குள்ள ப்ளேயரில் ஓடாமல் போகலாம். அங்கே பகுதிக் குறி ஏ, இந்தியா சி. 4கே டிஸ்க்குக்கு இந்தத் தொல்லை இல்லை, ஆனால் 4கே ப்ளேயர் வேண்டும். ஓடிடி என்றால் சட்டகம் விரிகிறதா என்று முன்பே அந்த இடத்தை ஓட்டிப் பாருங்கள். சிலவற்றில் படம் முழுக்க ஒரே வடிவத்தில் வரலாம், அப்படியானால் மேலே சொன்னது எதுவும் தெரியாது. லேப்டாப்பிலிருந்து பழைய ப்ரொஜெக்டருக்கு எச்டிஎம்ஐ–விஜிஏ மாற்றி போட்டால் சத்தம் வரும், படம் கறுப்பாக இருக்கும். நகல் பாதுகாப்புச் சமிக்ஞை அந்த மாற்றியில் நின்றுவிடுவதால் அப்படி. நேரடி எச்டிஎம்ஐ தவிர வழியில்லை.

ஒலியில் அடிக்கடி நடக்கும் தவறு, ஆறு சேனலாகப் பிரித்த 5.1 ஒலியை இரண்டு ஸ்பீக்கரில் அப்படியே விடுவது. வசனம் நடு சேனலில் இருக்கிறது. அது இரண்டு பக்கமும் பிரிந்து போகாவிட்டால் இசை முழங்கும், பேச்சு கிணற்றுக்குள்ளிருந்து வரும். ப்ளேயரின் ஒலி வெளியீட்டை 'ஸ்டீரியோ' என்று மாற்றினால் தீர்ந்தது.

இடைவேளையை எங்கே விடுவது என்பது முக்கியம், இதில் பலரும் கோட்டைவிடுகிறார்கள். 146 நிமிடத்தைக் கடிகாரம் பார்த்துப் பாதியாக வெட்டிவிடாதீர்கள். தொகுப்பாளர் சீசரின் நேர்காணல் மேடையில், ஸ்நோவின் உத்தரவுப்படி கல்யாண உடையில் வந்த காட்னிஸ் சுழல, அது எரிந்து அவளுடைய அடையாளமான மாக்கிங்ஜே பறவையாகிறது. பீட்டா அவள் கர்ப்பம் என்று ஒரு பொய்யைத் தூக்கிப் போடுகிறான். வென்றவர்கள் எல்லாரும் வரிசையாகக் கைகோத்து உயர்த்த, விளக்கு அணைகிறது. ஏறக்குறைய ஒன்றேகால் மணி நேரத்தில் வரும் அந்த இருட்டுதான் இயல்பான இடைவேளை. ஒத்திகையிலேயே நிமிடத்தைக் குறித்துவையுங்கள். காபிக்குப் பதினைந்து நிமிடம். தப்பித்தவறிச் சின்னா அடிபடும் இடத்தில் நிறுத்திவிட்டால் சட்டகம் விரிவது இரண்டாம் பாதியின் தொடக்கமாகிவிடும், பாதிப் பேர் பஜ்ஜியோடு உள்ளே வந்துகொண்டிருப்பார்கள்.

மின்சாரம்: ப்ரொஜெக்டர், ப்ளேயர், ஸ்பீக்கர் சேர்த்து 500 வாட்டுக்குள் அடங்கும், 1 கேவிஏ சைன்வேவ் இன்வெர்ட்டர் போதும். பெஸ்காம் (பெங்களூர் மின்விநியோக நிறுவனம்) மின்சாரம் ஒரு நொடி போய் வந்தாலே விளக்கு வகை ப்ரொஜெக்டர் அணைந்து, ஆறும்வரை மறுபடி எரியாது. ஜெனரேட்டருக்கு மாறும் சில விநாடியே அதற்குப் போதும். ஆகவே ப்ரொஜெக்டரை இன்வெர்ட்டரில்தான் கோக்க வேண்டும். ஆறரைக்குத் தொடங்கினால் இடைவேளையோடு ஒன்பதேகால் ஆகும், பேச முக்கால் மணி நேரம். இரவு பத்துக்குமேல் மூடிய கூடத்துக்கு வெளியே ஒலிபெருக்கிக்கு 2000-ஆம் ஆண்டு ஒலிமாசு விதிகளில் தடை. அசோசியேஷனுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். உரிமம்: வீட்டுக்கு வாங்கிய டிஸ்க்கும் சந்தாவும் வீட்டில் பார்ப்பதற்குத்தான். கட்டணம் வாங்கவில்லை என்பது மட்டும் போதாது, பொதுத் திரையிடலுக்கு உரிமையாளர் தரப்பிலிருந்து எழுத்தில் அனுமதி வாங்குங்கள்.

பிள்ளைகள் வருவதால் பெற்றோரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியவை: கிழவரைச் சுடுவது, சாட்டையடி, தோலைக் கொப்பளிக்க வைக்கும் விஷமூட்டம், லிஃப்டில் ஜோஹன்னா உடையைக் கழற்றும் வேடிக்கைக் காட்சி (எதுவும் காட்டப்படாது). பதின்மூன்றுக்குக் கீழே என்றால் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பேச்சைத் தொடங்க, கேலா பீட்டாவா என்ற கேள்வியை மட்டும் யாரும் முதலில் எடுக்க விடாதீர்கள், பிறகு மீளவே முடியாது. மேக்ஸ் தானாக விஷமூட்டத்துக்குள் நடந்துபோனாளே, அவளுக்குத் திட்டம் தெரிந்திருக்குமா என்று கேட்டுப் பாருங்கள்; உடனே காய் யார், ஆடுபவர் யார் என்பது கிளம்பிவிடும். மூன்று விரல் சைகை திரையைவிட்டு வெளியே போனதையும் சொல்லலாம். 2014-இல் தாய்லாந்து ராணுவப் புரட்சிக்குப் பிறகு அங்குள்ளவர்கள் அதை எதிர்ப்புக் குறியாக உயர்த்தினார்கள், அதற்காக மாணவர்களைப் பிடித்து வைத்தார்கள். 2021-இல் மியான்மரிலும் அதே விரல்கள். படத்தில் அந்தச் சைகையைச் செய்த கிழவருக்கு என்ன நடந்தது என்பதைப் பார்த்த பிறகும் உயர்த்தினார்கள் என்பதைப் பற்றிப் பிள்ளைகளே பேசுவார்கள்.

நாவல் படித்தவர்கள் உங்கள் கூட்டத்தில் நிச்சயம் இருப்பார்கள். ப்ளூட்டார்க்கின் கைக்கடிகாரத்தில் தெரியும் பறவை, 8-ஆவது மாவட்டத்திலிருந்து தப்பிவரும் இரண்டு பெண்கள், அழிந்துவிட்டதாகச் சொல்லப்பட்ட 13-ஆவது மாவட்டம் பற்றிய துப்பு எல்லாம் புத்தகத்தில் உண்டு, படத்தில் இல்லை. அவர்கள் இடைவேளையில் வாயைத் திறந்தால் ப்ளூட்டார்க் யார் என்பது வெளியே வந்துவிடும். படம் முடிந்ததும் முதலில் பேசும் வாய்ப்பு அவர்களுக்கே என்று சொல்லி, அதுவரை அமைதியாக இருக்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள்.